மூன்று நாளில் முடியாத மருந்து

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் மொழி. விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கினால் வீட்டுக்காரருக்குச் சலிப்பு. மருந்து மூன்று நாளுக்கு மேல் நீண்டால் நோயாளிக்குச் சலிப்பு. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கசாயம் காய்ச்சிக் குடித்த காலத்திற் பிறந்த மொழி அது. அத்தகைய நோய்களுக்கு இன்றும் அது ஓரளவு பொருந்தும். ஆனால், நம் வீடுகள் தோறும் சத்தமின்றிக் குடிபுகுந்திருக்கும் இரு நோய்களுக்கு இம்மொழி சற்றும் பொருந்தாது. பொருந்தாததோடு, இதை நம்பி நடந்த எத்தனையோ பேரைப் பாயிலும் கிடத்திவிட்டது.

அவ்விரண்டில் ஒன்று நீரிழிவு. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் அதனைச் "சீனி வருத்தம்" என்றால்தான் யாவர்க்கும் விளங்கும். மற்றது உயர் குருதியமுக்கம். "பிறஷர்" என்றால் பள்ளிப் பிள்ளையும் அறியும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஓர் ஆய்விலேயே, வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவர் நீரிழிவோ அதன் முன்னிலையோ உடையவராய்க் காணப்பட்டார். சீனியுள்ளவரிடம் பிறஷரும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். இப்படி இரண்டும் உடையவர்கள் பிறஷர் குளிசையை நாள் தவறாமல் உண்பதற்குப் பாமசியில் மருந்து எண்ணித் தரும் மருந்தாளர் எவ்வளவு பெரிய துணையாகலாம் என்பதையே இவ்வாரம் பேச எடுத்துக்கொண்டோம்.

வாய்க்காலும் கரையும்

சம்மாந்துறை வயல் சூழ்ந்த ஊர். வாய்க்காலையும் மதகையும் அறியாதவர் அங்கு இலர். ஆதலின், வாய்க்காலை வைத்தே இந்நோயை விளக்கிவிடலாம். வாய்க்காலில் நீர் அளவோடு பாய்ந்தால் கடைசி வயல் வரை சென்று பயிரை வளர்க்கும். வேகம் அளவு மீறினால் கரையை அரிக்கும். எங்கே கரை மெலிந்திருக்கின்றதோ அங்கே உடைத்துக்கொண்டு பாயும். குருதிக் குழாய்களின் கதையும் அதுவே. இதயம் தள்ளிவிடும் குருதி குழாய்ச் சுவரின்மீது செலுத்தும் விசையே குருதியமுக்கம். அது இரவும் பகலும் மிகுந்தே இருந்தால் சுவர் தடித்து, விறைத்து, உட்புறம் பழுதுபட்டுப் போகின்றது.

இனி, கரை மண்ணே இளகிப் போயிருந்தால் என்ன ஆகும்? அவ்வளவு வேகமில்லாத நீரும் அதனை உடைத்துவிடும் அன்றோ! நீரிழிவு செய்வது அதைத்தான். குருதியிற் சீனி மிகுந்து நெடுங்காலம் நிற்கும்போது குழாய்களின் சுவர் கெடுகின்றது. சிறப்பாக, கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்கள் முதலிற் பழுதடைகின்றன. ஆதலின், மற்றொருவர் ஓரளவு தாங்கிக்கொள்ளும் அமுக்கமும் சீனியுள்ளவர்க்குப் பெருந்தீங்காகின்றது. பொதுவாக அவர்களுடைய அமுக்கத்தை 130/80 என்னும் அளவுக்குக் கீழே வைத்திருக்க வைத்தியர்கள் முயல்கின்றனர்; முதுமையும் தளர்ச்சியும் உடையவர்க்கு அவ்விலக்கைச் சற்றுத் தளர்த்துவதும் உண்டு.

பிரித்தானியாவில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஒருங்கே உடைய 1,148 பேரை எட்டாண்டுகளுக்கு மேலாகக் கவனித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 1998ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியாரின் அமுக்கம் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்டது; அவர்களது சராசரி 144/82. மறு பகுதியாருக்குக் கட்டுப்பாடு சற்றுத் தளர்வு, சராசரி 154/87. மேல் எண்ணிலே இருந்த வேறுபாடு வெறும் பத்துத்தான். அந்தப் பத்து என்ன செய்தது? கண்டிப்பான பகுதியாரிடையே பாரிசவாதம் 44 சதவீதம் குறைந்தது. நீரிழிவு காரணமான மரணம் 32 சதவீதம் குறைந்தது. கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ச் சேதம் 37 சதவீதம் குறைந்தது.

இதைவிட முக்கியமான செய்தி பத்தாண்டு கழித்து வந்தது. ஆராய்ச்சி முடிந்தபின் அந்நோயாளிகள் தத்தம் வைத்தியர்களிடம் திரும்பினர். இரண்டாண்டுகளுக்குள் இரு பகுதியாரின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அதன்பின் முன்னர்க் கண்ட நன்மையும் தேய்ந்து போயிற்று என 2008ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சியாளர்களே அறிவித்தனர். தொடக்கத்திற் சீனியைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்க்கு அதன் பலன் பிற்காலத்திலும் நீடித்தது. அமுக்கத்தைக் கட்டுப்படுத்தியவர்க்கோ கட்டுப்பாடு போனதும் பலனும் போயிற்று. சுருங்கச் சொன்னால், பிறஷர் குளிசைக்கு முதுசொம் கிடையாது. போன வருடம் உண்ட குளிசை இந்த வருடத்துக் கரையைக் காக்காது. இன்றைய காவலுக்கு இன்றைய குளிசையே வேண்டும்.

ஏன் கைவிடுகிறார்கள்?

வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர்தாம் மருந்தை ஒழுங்காக உண்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் அறிவித்தது. ஏனைய நாடுகளின் நிலை இன்னும் தாழ்ந்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. ஆகவே, இது நம்மவரின் சோம்பல் மட்டுமன்று, மனித இயல்பு. அதன் காரணங்களை ஆராய்ந்தால் எவரையும் ஏச மனம் வராது.

முதற் காரணம், இந்நோய் வலிக்காது. பல்வலிக்காரர் மருந்தை மறப்பதில்லை, பல்லே நினைவூட்டிக்கொண்டிருக்கும். பிறஷர் பெரும்பாலும் தலையிடியும் தராது, மயக்கமும் தராது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் குளிசையை நிறுத்துகிறார். நிறுத்திய பின்னும் உடம்பு நன்றாகவே இருக்கின்றது. எனவே தாம் செய்தது சரியென்றே முடிவு செய்கிறார். கரை அரிபடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உடைந்த அன்றுதான் தெரியும்.

இரண்டாவது, மருந்து தரும் சிறு தொல்லைகள். அம்லோடிபின் என்னும் மருந்து சிலர்க்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். எனலாப்ரில் சிலர்க்கு வறட்டு இருமல் தரும். நீரை வெளியேற்றும் குளிசை அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்யும். கல்யாண வீட்டுக்கும் பஸ் பயணத்துக்கும் புறப்படுபவர் அன்றைக்கு அதனைத் தவிர்த்துவிடுவார். இத்தொல்லைகளுக்கெல்லாம் மாற்று உண்டு. ஆனால் நோயாளி அதனை வைத்தியரிடம் சொல்வதில்லை. கிளினிக்கில் வரிசை நீளமாயிருக்கும். மருந்தை நிறுத்துவது அதைவிட எளிது.

மூன்றாவது, தொழிலும் வாழ்க்கையும். வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலிலுள்ள வாடியிலேயே தங்கிவிடுபவர் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் வீட்டிலே விட்டுச் செல்கிறார். வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் வேளைக்குச் சோறும் மருந்தும் எடுத்து வைக்கும் உம்மா, தமது குளிசையை அடுப்படியில் மறந்துவிடுகிறார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது, ஒரு குளிசையை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்கு ஓட்டும் பழக்கம் பல வீடுகளிற் புகுந்தது. நெருக்கடி தணிந்தாலும் பழக்கம் உடனே போய்விடுவதில்லை.

நான்காவது, குளிசையின் நிறம். நம்மவர் மருந்தைப் பெயரால் அறிவதில்லை. "காலையில் வெள்ளை, இரவில் சிவப்பு" என்றே அறிவர். மருந்தை வழங்கும் கம்பெனி மாறும்போது அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவில் வருகின்றது. "இது என்ட மருந்தில்ல" என்று ஒதுக்கிவிடுகின்றனர். இது கல்லாதார் பேதைமை என்று எண்ணிவிட வேண்டாம். மாரடைப்புக் கண்ட அமெரிக்க நோயாளிகளிடையே நடந்த ஓர் ஆய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. குளிசையின் நிறம் மாறியபோது மருந்தைக் கைவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபோது 66 சதவீதமும் கூடியிருந்ததை அது காட்டிற்று. கண் பழகியதை மனம் நம்புவது எங்கும் ஒன்றே.

நான்காமவர்

திருவள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்கிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து அம்மருந்தைப் பிழையின்றிச் சேர்ப்பவர் ஒருவர். முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை. நான்காமவரை மட்டும் கடைக்காரர் என்று எண்ணிக் காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சற்று எண்ணிப் பாருங்கள். கிளினிக் வைத்தியரை நோயாளி காண்பது மாதத்துக்கு ஒரு முறை, சில நிமிடம். மருந்து அவர் வாய்க்குட் செல்லுமுன் இறுதியாக அதைக் கையில் ஏந்தி நிற்பவர் மருந்தாளரே. எத்தனை குளிசை கொடுத்தோம், எந்த நாளில் அவை முடிந்திருக்க வேண்டும், இவர் எந்த நாளில் வந்தார் என்னும் கணக்கு அவர் கண்முன் இருக்கின்றது. ஊர்ப் பாமசி என்றால் ஆளையும் தெரியும், வீட்டையும் தெரியும். இத்தகைய ஒருவர் இரண்டு கேள்வி கேட்டால் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் ஓர் இராணுவ வைத்தியசாலையில் இதைச் செய்து பார்த்தனர். 65 வயதுக்கு மேற்பட்ட, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெடுநாள் மருந்துகளை உண்கின்ற 200 பேரை எடுத்துக்கொண்டனர். தொடக்கத்தில் அவர்கள் உண்ண வேண்டிய குளிசைகளில் 61 சதவீதத்தையே உண்டு வந்தனர். மருந்தாளர் ஒவ்வொருவருடனும் அமர்ந்து மருந்தின் பயனை விளக்கினார். வேளை வேளைக்கான குளிசைகளைத் தனித்தனியே அடைத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சந்தித்தார். ஆறு மாதத்தில் 61 என்பது 97 ஆயிற்று. பின்னர் அவர்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மட்டும் இவ்வுதவியைத் தொடர்ந்தனர். மேலும் ஆறு மாதத்தில் உதவி தொடர்ந்தவர்கள் 95 சதவீதத்துக்கு மேல் நின்றனர். உதவி நின்றவர்கள் 69க்கு வீழ்ந்தனர். மேல் அமுக்கமும் உதவி பெற்றவர்க்கே கூடுதலாகக் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு இரண்டு பாடம் தருகின்றது. மருந்தாளரின் சொல்லுக்கு வலிமை உண்டு என்பது ஒன்று. அந்தச் சொல்லும் குளிசை போலத் தொடர்ந்து வர வேண்டும் என்பது மற்றொன்று.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்னும் விசித்திரமாக ஒன்று செய்தனர். வைத்தியசாலைப் பக்கமே வராத கறுப்பின ஆண்களைத் தேடி, அவர்கள் தவறாமல் வரும் முடிதிருத்தும் சலூன்களுக்கே மருந்தாளர்களை அனுப்பினர். 52 சலூன்கள், உயர் அமுக்கமுடைய 319 பேர். வைத்தியர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தாளரே சலூனில் அமுக்கத்தை அளந்து மருந்தை ஒழுங்கு செய்தார். ஆறு மாதத்தில் அவர்களது மேல் அமுக்கம் சராசரி 27 அலகு இறங்கிற்று. வைத்தியரிடம் போகும்படி முடிதிருத்துபவர் புத்திமதி மட்டும் கூறிய சலூன்களில் இறங்கியது 9 அலகே. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, நோயாளி நம்பிக்கையோடு வரும் இடத்துக்கு உதவி போக வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்திற்று.

நம் நாட்டிலும் சான்று இல்லாமலில்லை. மூன்று வகை மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடைபெற்றது. ஆறு மாத முடிவில், ஒரே குளிசை உண்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை அடைந்தனர். வழக்கமான முறையில் மருந்துண்டவர்களில் 55 பேரே அடைந்தனர். இதுவும் 2018ஆம் ஆண்டின் செய்தி. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் பிறஷருக்கான கூட்டுக் குளிசைகளைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. மேலும், இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறங்களுள் பாதியில், சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கம் அளந்து புத்தி கூறினர். இரண்டாண்டுகளில் மற்றைக் கிராமங்களைவிட மேல் அமுக்கம் 5 அலகு கூடுதலாகக் குறைந்ததென 2020ஆம் ஆண்டில் அறிந்தோம்.

ஓர் உரையாடல்

மருந்தாளர் செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. பாமசி ஒன்றில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

"காக்கா, போன மாசம் தந்த முப்பது குளிசையும் முடிஞ்சிதா?"

"முடியல்ல தம்பி. ஒரு பன்னிரண்டு கிடக்கும்."

"அதுக்கென்ன, எல்லாருக்கும் தவறத்தான் செய்யும். குடிச்சா ஏதும் கரைச்சலா?"

"கால் வீங்குது தம்பி. பின்னேரமானா செருப்புப் போட ஏலாம இருக்கு."

"டொக்டரிட்டச் சொன்னீங்களா?"

"எங்க சொல்ற! எனக்குப் பின்னால நூறு பேர் நிக்கிறாங்க."

"நான் ஒரு துண்டில எழுதித் தாறன். கொப்பிக்குள்ள வெச்சிக் குடுங்க. அவர் பார்த்து வேற மருந்து தருவார். அது மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

இவ்வளவே. இரண்டு நிமிடமும் ஆகவில்லை. இதனுள் எத்தனை நுட்பம் இருக்கின்றது பாருங்கள். "ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்று மருந்தாளர் கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் யாரும் "ஓம்" என்றே சொல்வர். எத்தனை மிஞ்சியிருக்கின்றது என்று எண்ணிக்கை கேட்டார். மிஞ்சியது பன்னிரண்டு என்றதும் ஏசவில்லை. தவறுவது இயல்பே என்று ஆற்றினார். பிறகே காரணத்தைக் கேட்டார். காரணம் தெரிந்ததும் தாமே மருந்தை மாற்றிவிடவில்லை; வைத்தியருக்கு எழுதினார். முப்பதில் பதினெட்டு உண்டால் 60 சதவீதம். நூற்றுக்கு எண்பதாவது உண்பவரையே ஒழுங்காக உண்பவர் என ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். இதை அறியாத வைத்தியர், கொப்பியில் அமுக்கம் உயர்ந்திருப்பதை மட்டும் கண்டு மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். நோயாளியும் ஒருநாள் எல்லாவற்றையும் ஒழுங்காக உண்ணத் தொடங்கினால் அமுக்கம் திடீரென விழுந்து தலைசுற்றி வீழ்வார். ஒரு சிறு கேள்வி தடுக்கும் விபத்து அது.

மருந்தாளர் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உள. கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் வைத்தியரிடம் வேறொரு பெயரிலும் எழுதப்பட்ட ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்பவர் உண்டு. கம்பெனிப் பெயர் ஆயிரம் இருக்கலாம். மருந்தின் பெயர் ஒன்றே. பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் 1971ஆம் ஆண்டில் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து வலியுறுத்தியதும் அதுவே. ஆகவே, "நிறம் மாறியிருக்கு, மருந்து அதேதான்" என்று சொல்லி, மருந்தின் பெயரைப் பையின்மீது தெளிவான தமிழில் எழுதிக் கொடுப்பது பெரும் புண்ணியம்.

நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற குளிசைகளைக் கேட்டு வாங்குவோர் பலர். இவை அமுக்கத்தைக் கூட்டும். லொசாட்டன், எனலாப்ரில் போன்றவற்றோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் வருத்தும். "உங்களுக்குச் சீனியும் பிறஷரும் உண்டா?" என்று கேளாமல் இவற்றை எடுத்து நீட்டுதல் தகாது. அட்டெனலோல் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. சீனி அளவுக்கு மீறி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பையும் அது மறைத்துவிடும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். லொசாட்டன், எனலாப்ரில் வகை மருந்துகளை உண்ணும் இளம் பெண்களுக்கு, கருவுற்றால் உடனே வைத்தியரிடம் சென்று அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று தனியாக எடுத்துரைப்பதும் அவர் கடமையே.

நோன்பு மாதம்

சம்மாந்துறை போன்ற ஊரில் இவ்விடயத்தைப் பேசும்போது றமழானைக் குறிப்பிடாமல் விட இயலாது. பகலில் வாயிற் குளிசை போட முடியாத அம்மாதத்தில் பலர் மருந்தையே மாதம் முழுதும் ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் மூன்று வேளை மருந்தையும் நோன்பு திறந்ததும் ஒன்றாக விழுங்குகின்றனர். இரண்டும் தவறு. நாளுக்கு ஒரு முறை உண்ணும் குளிசையை நோன்பு திறக்கும் வேளைக்கோ ஸஹர் வேளைக்கோ மாற்றிக்கொள்வது பெரும்பாலும் இயலும். நீரை வெளியேற்றும் குளிசையை அம்மாதத்துக்கு மாற்ற வேண்டிவரலாம். சீனி மருந்தின் அளவையும் வேளையையும் திருத்த வேண்டியும் வரலாம். இவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அதுவும் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னரே என்று நீரிழிவு நிபுணர்கள் கூறுகின்றனர். பிறை கண்ட இரவில் ஓடுவதிற் பயனில்லை. ஷஃபான் மாதம் பிறக்குமுன்பே, "காக்கா, நோன்பு வருது; டொக்டரைக் கண்டு வேளையை மாத்திக்கொள்ளுங்க" என்று நினைவூட்டும் மருந்தாளர் அம்மாதத்தில் ஊருக்கே பெருநன்மை செய்தவராவார். சிலர்க்கு நோன்பே ஆகாது என்று வைத்தியர் சொல்லவும் கூடும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் கூறியதால், பாமசியில் நிற்பவர் யாவரும் மருந்தாளர் என்று எண்ணிவிட வேண்டாம். மருந்தாளர் என்பவர் படித்துத் தேறி, இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்றவர். பாமசி அத்தகையவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டுமென்பதே சட்டம். சுவரிற் சான்றிதழ் தொங்க, ஆளைக் காணாத கடைகளும் நாட்டில் உண்டு. "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று கேட்பது வாங்குவோரின் உரிமை. கேட்பவர் பெருகினால் இருப்பவரும் பெருகுவர். பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டம் படிக்கும் வழி இன்று நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றது. வைத்தியராக வாய்க்காவிட்டால் வாழ்வே முடிந்ததென்று வருந்தும் மாணவர்கள் இந்த நான்காமவரின் ஆசனத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

மருந்தாளர் கேட்பார், சொல்வார், எழுதித் தருவார். குளிசை வாய்க்குச் செல்வதோ வீட்டில். மறதியை வெல்ல எளிய வழி, நாள் தவறாத ஒரு செயலோடு குளிசையைச் சேர்த்துவிடுவதே. ஸுபஹ் தொழுது வந்து குடிக்கும் தேநீர்க் கோப்பைக்கு அருகிற் குளிசை இருந்தால் கண்ணே நினைவூட்டும். வயல் வாடிக்குப் போகிறவரின் பையில் ஒரு வாரக் குளிசை தனியாக இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் உண்ணலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும்; இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. குளிசை உண்கிறோமே என்று கருவாட்டையும் ஊறுகாயையும் தாராளமாக்குவதும் ஆகாது. மருந்து இறக்குவதை உப்பு ஏற்றிவிடும்.

மாணவர்களே, உங்கள் மூத்தம்மாவுக்குக் கிளினிக் கொப்பியில் உள்ள எழுத்து தெரியாதிருக்கலாம். உங்களுக்குத் தெரியும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. அவருடைய மருந்துப் பையை வாங்கி, உள்ளிருக்கும் எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். கிளினிக்கில் மருந்து பெற்ற தேதியைப் பாருங்கள். இத்தனை நாளாயிற்று, இத்தனை குளிசை போயிருக்க வேண்டும், இத்தனை மிஞ்ச வேண்டும் என்று கணக்கிடுங்கள். பிறகு எண்ணுங்கள். கணக்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் அவரை ஏச வேண்டாம். "ஏன் மூத்தம்மா, இது குடிச்சா என்ன செய்யுது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஒரு துண்டிலே எழுதி, நாளைக் காலையில் பையோடு பாமசிக்கு எடுத்துச் செல்லுங்கள்.